டெவில்ஸ் டவர்: சுற்றிப் பார்க்க, ஏற, பத்திரமாக இறங்க

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து வடகிழக்கு மூலையில், பெல் ஃபூர்ஷ் ஆற்றங்கரைக்கு மேலே நிற்கிறது டெவில்ஸ் டவர். அடிவாரத்திலிருந்து உச்சிவரை 867 அடி. ஆற்றுமட்டத்திலிருந்து அளந்தால் 1,267 அடி. தியோடர் ரூஸ்வெல்ட் 1906 செப்டம்பர் 24 அன்று இதை அமெரிக்காவின் முதல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் வருகிறார்கள். அவர்களில் நூற்றுக்கு ஒருவர்தான் கயிறு கட்டி ஏறுகிறார்.

கீழே உள்ளவற்றில் முதல் பாதி எல்லோருக்கும் பொருந்தும். ஏறப் போகிறவர்கள் அதைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். இந்தப் பாறை எப்படி உடைந்திருக்கிறது என்று தெரியாமல் இதில் எந்தக் கருவி வேலை செய்யும், கயிறு எங்கே மாட்டும் என்பது புரியாது.

பாறையின் அமைப்பு

ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியிலிருந்து கிளம்பிய எரிகுழம்பு, படிவுப் பாறைகளுக்கு நடுவே நின்று குளிர்ந்தது. குளிரக் குளிரச் சுருங்கியது. கோடையில் வற்றிய ஏரியின் சேறு பாளம் பாளமாக வெடிக்குமே, அதே காரணத்தால் இதுவும் வெடித்தது. ஆனால் இங்கே வெடிப்பு ஆழமாக, மேலிருந்து கீழ்வரை ஓடிவிட்டது. பிறகு சுற்றியிருந்த மென்பாறையை ஆறும் மழையும் அரித்துப் போக, கெட்டிப் பாறை மட்டும் தனியே நின்றது. இது பழைய எரிமலையின் தொண்டையா, நிலத்துக்குள்ளேயே அடங்கிப்போன குழம்பின் திரட்சியா என்று நிலவியலாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஏறுகிறவருக்கு அந்த வழக்கின் தீர்ப்பு தேவையில்லை. அவருக்கு வேண்டியது தூண்கள்.

தூண்கள் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு பட்டையானவை. நான்கும் ஏழும்கூட உண்டு. அடிப்பக்கம் ஆறு முதல் எட்டு அடிவரை அகலம், மேலே போகப் போகக் குறுகும். பாறையின் பெயர் ஃபோனொலைட் போர்ஃபிரி. சாம்பல் நிறத்தில் நெருக்கமான பரப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகளாக ஃபெல்ஸ்பார் படிகங்கள். கைக்கு நல்ல உறுதி தரும், எளிதில் உதிராது. ஆனால் விரிசல்களுக்கு வெளியே பிடிக்க அதிகம் கிடையாது.

இந்த அமைப்பிலிருந்து மூன்று விளைவுகள். விரிசல் ஒரே அகலத்தில் பல பத்தடி நீளம் போகும், அதனால் ஒரே அளவுக் கருவி நிறைய வேண்டும். நின்று இளைப்பாறத் திண்டுகள் குறைவு, அதனால் கை ஓய்வதற்குள் கால் ஓய்ந்துவிடும். விரிசல்கள் செங்குத்தாக ஓடுவதால் மேலிருந்து இழுக்கும் கயிறு அவற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்த மூன்றாவதுதான் டெவில்ஸ் டவரின் உண்மையான வில்லங்கம்.

உச்சியை நெருங்கும் பகுதியில் தூண்கள் குறுக்கும் நெடுக்குமாக உடைந்து கிடக்கும். அங்கே பாறை தளர்வு. அடிவாரத்தைச் சுற்றியுள்ள பாறைக்குவியல், எப்போதோ உடைந்து விழுந்த தூண்களின் துண்டுகள். பதிவான வரலாற்றில் முழுத்தூண் எதுவும் விழுந்ததில்லை. சிறு கற்கள் விழுவது அன்றாடம்.

போய்ச் சேர்வது

ஐ-90 நெடுஞ்சாலையில் கிழக்கே ராப்பிட் சிட்டியிலிருந்து வருபவர்கள் சன்டான்ஸ் ஊரில் பிரிந்து, யுஎஸ் 14, பிறகு மாநிலச் சாலை 24 வழியாக ஏறத்தாழ 28 மைல் போக வேண்டும். மேற்கிலிருந்து வருபவர்களுக்கு மூர்கிராஃப்ட் வழி. அருகில் ஹ்யூலெட் என்ற சிற்றூர் உண்டு. பெட்ரோல், சாப்பாடு எல்லாம் நெடுஞ்சாலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. கைபேசி சிக்னலை நம்ப வேண்டாம், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

பூங்கா 24 மணி நேரமும் திறந்திருக்கும். பார்வையாளர் மையத்துக்குத்தான் நேரக்கட்டுப்பாடு. நுழைவுக் கட்டணம் ஒரு காருக்கு 25 டாலர், ஏழு நாள் செல்லும். தேசியப் பூங்காக்களின் ஆண்டுச் சீட்டு இங்கும் செல்லும். கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால் கிளம்புமுன் தேசியப் பூங்கா சேவையின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடையில் காலை பத்து மணிக்கு மேல் வாகன நிறுத்தம் நிறைந்துவிடும், பிற்பகல் நான்குவரை அப்படியேதான். ஒன்பதுக்கு முன் வாருங்கள், அல்லது ஐந்துக்குப் பின். கோடையில் மாலை வெளிச்சம் எட்டரை மணியைத் தாண்டியும் இருக்கும் என்பதால் தாமதமாக வருவதில் நட்டமில்லை. ஆகஸ்ட் முதல் பாதியில் பக்கத்து மாநிலத்தின் ஸ்டர்ஜிஸ் ஊரில் பெரிய மோட்டார் சைக்கிள் திருவிழா நடக்கும். அந்த வாரத்தில் சாலை, விடுதி, நிறுத்தம் மூன்றும் பைக்குகளுக்கே. தப்பித்துக்கொள்ளுங்கள்.

ஆற்றோரம் கூடாரத்திடல் இருக்கிறது. முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கு இடம். மின் இணைப்போ குளியலறையோ எதிர்பார்க்க வேண்டாம். அதிகாலையில் ஏறத் தொடங்க நினைப்பவர்களுக்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை. குளிர்மாதங்களில் மூடிவிடுவார்கள்.

நுழைவாயிலைத் தாண்டியதும் வலதும் இடதுமாகப் புல்வெளியில் பிரெய்ரி நாய்கள் எட்டிப் பார்த்துக் கத்தும். பெயரில்தான் நாய், உண்மையில் நில அணில் இனம். பிள்ளைகள் பிஸ்கட் நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவை கடிக்கும். அவற்றின் மேலுள்ள தெள்ளுப்பூச்சிகள் பிளேக் நோயைச் சுமக்கக்கூடும்.

சுற்றி நடப்பது

ஒரே ஒரு நடைதான் நேரமிருக்கிறது என்றால் டவர் டிரெயில். 1.3 மைல், ஏறத்தாழ 2 கிலோமீட்டர், முழுக்கத் தார் போட்ட பாதை. நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரம். தொடக்கத்தில் உள்ள ஏற்றம் மட்டும் செங்குத்து. தள்ளுவண்டியோடு வருபவர்களும் முழங்கால் வலியுள்ள பெரியவர்களும் அங்கே மெதுவாகப் போனால் போதும், பிறகு சமமாகிவிடும். பாதை பைன் மரங்களுக்கும் பாறைக்குவியலுக்கும் நடுவே டவரை முழுச்சுற்று சுற்றிவிடும். ஒவ்வொரு பக்கமும் தூண்களின் வடிவம் மாறுவதைப் பார்க்கலாம். தூரப்பார்வைக் கண்ணாடி ஒன்று கொண்டுபோனால் ஏறிக்கொண்டிருப்பவர்கள் தெரிவார்கள்.

இந்தப் பாதையில் மேல்நோக்கிப் பொருத்திய ஒரு பார்வைக்குழாய் இருக்கும். அதன் வழியே பார்த்தால் பழைய மர ஏணியின் மிச்சம் தெரியும். 1893-இல் வில்லியம் ரோஜர்ஸ், வில்லார்ட் ரிப்ளி என்ற இரண்டு பண்ணைக்காரர்கள் இரு தூண்களுக்கு இடைப்பட்ட விரிசலில் மரமுளைகளை அடித்து, வெளிமுனைகளைப் பலகையால் இணைத்து, 350 அடிக்கு ஏணி கட்டினார்கள். ஜூலை 4 அன்று கூட்டம் கூட்டி ரோஜர்ஸ் உச்சியில் ஏறிக் காட்டினார். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் மனைவி லின்னி அதே ஏணியில் ஏறி, உச்சியை அடைந்த முதல் பெண் என்று பதிவானார். ஏணியைக் கடைசியாகப் பயன்படுத்தியது 1927-இல். குழாயைத் தவறவிட்டுவிட்டால் வெறுங்கண்ணால் தேடிப் பிடிப்பது கடினம்.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு ரெட் பெட்ஸ் டிரெயில், 2.8 மைல். செம்மண்நிறப் படிவுப் பாறை, நடுவே வெள்ளை ஜிப்சம் பட்டை, ஆற்றைப் பார்த்த சரிவு எனக் காட்சி மாறிக்கொண்டே போகும். நிழல் குறைவு, இறங்கியதை எல்லாம் திரும்ப ஏற வேண்டும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பவர்கள் வடக்கேயுள்ள ஜாய்னர் ரிட்ஜ் பாதைக்குச் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன் போகட்டும். அந்நேரத்தில் மேற்குமுகத்தின் தூண்கள் ஒவ்வொன்றும் தனித்தனி நிழலோடு பிரிந்து தெரியும், நடுப்பகலில் எல்லாம் ஒரே சாம்பல் சுவர்தான்.

பாறைக்குவியலில் ஏறி விளையாட அனுமதிச்சீட்டு வேண்டாம். குவியலின் மேல்விளிம்பைத் தாண்டினால்தான் ஏற்றமாகக் கணக்கு, அதற்குப் பதிவு கட்டாயம். குவியலில் கண்ணுக்குத் தெரியாத பொந்தில் கையை விடாதீர்கள், ராட்டில் பாம்பு இருக்கும் ஊர். மூன்று மூன்றாக இலைவிடும் பாய்சன் ஐவி செடியும் ஓரங்களில் உண்டு, தொட்டால் தோல் கொப்பளிக்கும். வளர்ப்பு நாய்களுக்கு நடைபாதைகளில் இடமில்லை. டிரோன் தடை.

பாதையோர மரக்கிளைகளில் வண்ணத்துணிகளும் சிறு மூட்டைகளும் கட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். லக்கோட்டா, செயென், கயோவா உள்ளிட்ட இருபதுக்கு மேற்பட்ட பழங்குடி மக்களுக்கு இது வழிபாட்டிடம், அவை அவர்களுடைய வேண்டுதல் துணிகள். தொடக்கூடாது, அவிழ்க்கக்கூடாது, படமெடுக்கவும் கூடாது.

எந்த மாதம் ஏறுவது

ஜூன் மாதம் வேண்டாம். அந்த மாதத்தில் பழங்குடியினர் சடங்குகள் நடத்துகிறார்கள் என்பதால், 1995 முதல் பூங்கா நிர்வாகம் ஏறுபவர்களிடம் அந்த ஒரு மாதம் விலகியிருக்கும்படி கேட்டுக்கொள்கிறது. சட்டத் தடை அல்ல, வேண்டுகோள்தான். யாரும் அபராதம் போடமாட்டார்கள். அதனாலேயே சிலர் போகிறார்கள். பதினொரு மாதம் திறந்திருக்கும் பாறையில் ஒரு மாதம் விட்டுக்கொடுப்பது பெரிய இழப்பில்லை. கீழே துணி கட்டி நிற்கிறவரின் தலைக்கு மேல் கயிறு வீசிக்கொண்டிருப்பது அழகும் இல்லை. பெரும்பாலான ஏறுநர்கள் இதை மதிக்கிறார்கள், ஜூனில் வேலையே எடுக்காத வழிகாட்டிகளும் உண்டு.

மே மாதமும் செப்டம்பரும் சிறந்தவை. ஜூலை, ஆகஸ்டில் ஏறலாம், ஆனால் வெயிலைக் கணக்கிட்டு முகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலையில் மேற்குமுகத்துக்கு நிழல், பிற்பகலில் கிழக்குமுகத்துக்கு. தெற்குமுகம் நாள் பூராவும் காயும். வசந்தம் தொடங்கி நடுக்கோடைவரை வல்லூறுகள் கூடு கட்டும் பகுதியை, பெரும்பாலும் மேற்குமுகத்தில், மூடிவைப்பார்கள். இது கட்டாயத் தடை. எந்த வழிகள் மூடப்பட்டுள்ளன என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும், பதிவுசெய்யும் இடத்தில் எழுதி ஒட்டியிருப்பார்கள்.

பதிவும் விதியும்

பார்வையாளர் மையத்தின் அருகே ஏறுபவர்களுக்கான பதிவுப்படிவம் இருக்கும். கட்டணமில்லை. ஏறுமுன் பெயர், வழி, குழுவின் எண்ணிக்கை எழுத வேண்டும். இறங்கிய பின் திரும்பி வந்ததைக் குறிக்க வேண்டும். புதிதாக போல்ட் (துளையிட்டுப் பதிக்கும் உலோக ஆணி) துளைக்கவோ பிட்டன் (விரிசலில் சுத்தியலால் அடிக்கும் உலோக முளை) அடிக்கவோ கூடாது. ஏற்கெனவே உள்ளவையோடு, விரிசலில் செருகி எடுக்கும் கருவிகளைக் கொண்டுதான் ஏற வேண்டும். உச்சியில் இரவு தங்கக்கூடாது. மேலே கழிப்பறை கிடையாது, மலப்பையை எடுத்துப் போய்க் கீழே கொண்டுவாருங்கள்.

தனியாக ஏற்பாடு செய்யத் தெரியாதவர்கள் பூங்காவில் உரிமம் பெற்ற வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளலாம், பட்டியல் பூங்காத் தளத்தில் உண்டு. உள்ளரங்கச் சுவரில் மட்டும் ஏறிப் பழகியவர் வழிகாட்டி இல்லாமல் வரவே கூடாது. அந்தச் சுவரில் எவ்வளவு கடினமான நிலையில் ஏறினாலும் சரி, விரிசலில் கை செருகுவது வேறு வித்தை.

எதையெல்லாம் எடுத்துப்போவது

60 மீட்டர் கயிறு இரண்டு. ஏறுவதற்கு ஒன்று போதும், இறங்க இரண்டும் வேண்டும். இரண்டும் வெவ்வேறு நிறத்தில் இருக்கட்டும், காரணம் பின்னால். விரல் அகலம் முதல் மூடிய கைமுட்டி அகலம்வரை காம் கருவிகள் (விரிசலுக்குள் விரிந்து பிடித்துக்கொள்பவை), ஒவ்வொரு அளவிலும் இரண்டு. கடினமான வழிகளுக்குப் போகிறவர்கள் அந்த வழியின் அளவில் நான்கைந்துகூட எடுப்பார்கள், ஏனென்றால் ஒரே அகல விரிசலில் ஒரே அளவுதான் உட்காரும். நட் (விரிசலில் செருகும் உலோக ஆப்பு) ஒரு செட், இரண்டடி நாடா வளையங்கள் பத்துப் பன்னிரண்டு, ஹெல்மெட், ஓடும் கயிற்றைப் பிடித்து நிறுத்த ஆளுக்கு ஒரு பிலே கருவி, எடை விழுந்ததும் கயிற்றை இறுக்கிப் பிடிக்கும் புரூசிக் முடிச்சுக்கான மெல்லிய கயிற்று வளையம் ஆளுக்கு இரண்டு.

கையில் சுற்ற அகலமான பிளாஸ்திரி அல்லது விரிசல் கையுறை. புறங்கைத் தோல் முதல் நூறடியிலேயே உரியும் இந்தப் பாறையில் இது ஆடம்பரம் இல்லை. காலணி விரல்கள் மடங்காத அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். உள்ளரங்கத்துக்கு வாங்கிய, நுனி வளைந்த இறுக்கமான ஷூவை விரிசலில் திருகினால் கால்விரல் போய்விடும்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். மெல்லிய மழைச்சட்டை, தலைவிளக்கு. முதுகுப்பை சிறியதாக, ஒல்லியாக இருக்கட்டும்.

விரிசலில் ஏறும் முறை

கையைப் பெருவிரல் மேலாக விரிசலுக்குள் செருகி, பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்குங்கள். உள்ளங்கைத் தசை புடைத்து இருபக்கச் சுவரிலும் முட்டும். இதுதான் கை ஜாம். இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை, தொங்கினாலே போதும். காலுக்கு: பாதத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, உள்ளங்கால் ஒருபக்கம் பார்க்க விரிசலில் நுழைத்து, முழங்காலை நேராக்கி நிமிர்த்துங்கள். பாதம் பூட்டிக்கொள்ளும். உடல் எடை காலில் நிற்க வேண்டும். புதியவர்கள் கையால் இழுத்து இழுத்து ஏறி முப்பது அடியில் முன்கை வீங்கி நின்றுவிடுவது இங்கே அன்றாடக் காட்சி.

இரண்டாவது வித்தை ஸ்டெம்மிங். இரு தூண்களுக்கு இடைப்பட்ட உள்மூலையில் இடதுகால் ஒரு தூணிலும் வலதுகால் அடுத்த தூணிலும் வைத்து அகட்டி நிற்பது. கைக்கு முழு ஓய்வு கிடைக்கும், கெண்டைக்கால்தான் விலை கொடுக்கும். மேற்குமுகத்தின் புகழ்பெற்ற எல் மாட்டடோர் வழி, 1967-இல் ஃபிரெட் பெக்கியும் எரிக் பியோர்ன்ஸ்டாடும் முதலில் ஏறியது, ஏறத்தாழ முழுக்கவே இப்படி அகட்டி நிற்பதுதான். அமெரிக்கத் தரக்கணக்கில் 5-க்குப் பின் புள்ளியை அடுத்து வரும் எண் கூடக் கூட வழி கடினம் (5.9-ஐவிட 5.10 கடினம்); இன்று இதன் தரம் 5.10-இன் மேல்முனை. முதல் வருகையில் தொடவேண்டிய வழி அல்ல. 5.9 தரத்தில் கையளவு விரிசல் வேண்டுமென்பவர்களுக்கு அசெம்பிளி லைன், சோலர் ஆகியவை நல்ல தேர்வு.

டுரன்ஸ் வழி

முதல்முறை உச்சிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஏறுவது இது. 1938-இல் ஜாக் டுரன்ஸும் ஹாரிசன் பட்டர்வொர்த்தும் திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஃபிரிட்ஸ் வீஸ்னர் தம் இரு கூட்டாளிகளோடு ஏறியதுதான் டவரில் நவீன முறையில் நடந்த முதல் ஏற்றம். அவர் பெயரில் உள்ள வழி பக்கத்திலேயே இருக்கிறது.

டுரன்ஸ் வழிக்குப் பழைய தரம் 5.6. அதை நம்பி வருகிறவர்கள் திட்டிக்கொண்டே ஏறுவார்கள். இன்றைய கணக்கில் 5.7 என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் அகல விரிசலில் பழக்கம் உள்ளவருக்கு. வார இறுதியில் இந்த வழியில் வரிசை நிற்கும். விடியும் முன்னே நடக்கத் தொடங்குங்கள். தென்கிழக்குத் தோள்பக்கமாகப் பாறைக்குவியலில் ஏறி, திண்டு வழியாகக் குறுக்கே நகர்ந்து அடியை அடைய வேண்டும். குறுக்கே நகரும் இடம் எளிதுதான், ஆனால் தவறினால் கீழே நீண்ட பள்ளம். கயிறு கட்டிக்கொள்ளத் தயங்காதீர்கள்.

முதல் கட்டத்தின் பெயர் லீனிங் காலம், அதாவது சாய்ந்த தூண். உடைந்த ஒரு தூண் சுவரில் சாய்ந்து நிற்கும், அதையொட்டி ஏறி அதன் தலையில் நிற்க வேண்டும். இரண்டாவது கட்டமான டுரன்ஸ் விரிசல்தான் முழு வழியின் சோதனை. ஏறத்தாழ எழுபது அடிக்கு இரண்டு இணை விரிசல்கள். பயந்து ஒரு விரிசலுக்குள் உடம்பைத் திணித்தால் அசைய முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். உடலை வெளியே வைத்து, இரண்டு விரிசலுக்கும் கால் பிரித்து ஏறினால் பாதிப் பாரம் குறையும். முதுகுப்பையோடு இதில் ஏறாதீர்கள், பையைப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மூன்று கட்டங்கள் குட்டை: கஸ்ஸின், ஃபிளேக், சோக்ஸ்டோன் என்ற விரிசல்கள். தரம் குறைவு, அசௌகரியம் அதிகம். இவற்றில் இரண்டை ஒரே கயிற்றில் சேர்த்து ஏறலாம் என்று தோன்றும். கயிறு உராய்ந்து இறுகி, கீழே இருப்பவரின் குரலும் கேட்காமல் போகும். தனித்தனியாகவே ஏறுங்கள்.

அதன்பின் இரண்டு வழி. ஜம்ப் டிராவர்ஸ் என்ற இடத்தில் குறுக்கே அடியெடுத்து மெடோஸ் என்னும் புல்திண்டுக்குப் போய், அங்கிருந்து தளர்பாறையில் தவழ்ந்து உச்சி. அல்லது பெய்லி டைரக்ட் வழியாக நேரே மேலே. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், முன்னதில் குதிக்கத் தேவையில்லை, எட்டு வைத்தால் போதும். ஆனால் பின்னால் வருபவர் தவறினால் ஊசலாடிப் போய் மோதுவார். ஆகவே முதலில் ஏறுபவர் எட்டு வைத்துக் கடந்த பிறகும் உடனே ஒரு கருவி செருக வேண்டும். மெடோஸில் நடக்கும்போது காலில் உதிரும் ஒவ்வொரு கல்லும் கீழே வரிசையில் நிற்பவர்கள் தலையை நோக்கித்தான் போகும்.

பழகிய இருவர் ஏறி இறங்க நான்கைந்து மணி நேரம் போதும். புதியவர்கள் இருந்தால் எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்று பேர் என்றால் இன்னும் கூடுதல்.

உச்சி கூர்முனை இல்லை. கால்பந்து மைதான அளவுக்கு மெல்லக் கவிழ்ந்த புல்தரை. புல், கள்ளி, சேஜ் புதர், சிறு அணில்கள், எலிகள், பாம்புகூட உண்டு. அணில்கள் பையைக் கடிக்கும், உணவைத் திறந்துவைத்துவிட்டு நகராதீர்கள்.

பகல் பன்னிரண்டுக்கு முன் உச்சியை விட்டுவிடுவதைக் குறியாக வையுங்கள். கோடைப் பிற்பகல் இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். தெற்குமுகத்தில் ஏறுபவருக்கு டவரே மேற்கு வானத்தை மறைத்துவிடுவதால், மேகம் தலைக்கு மேல் வந்த பிறகுதான் தெரியும். உச்சியில் மின்னலுக்கு ஒதுங்க ஓரிடமும் இல்லை. இடிச்சத்தம் கேட்டால் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் இறங்கத் தொடங்குங்கள்.

இறங்குவது

1941 அக்டோபரில் ஜார்ஜ் ஹாப்கின்ஸ் என்பவர் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்து உச்சியில் நின்றார். இறங்குவதற்கான கயிற்றையும் விமானத்திலிருந்து போட்டார்கள், அது எட்டாத இடத்தில் போய் விழுந்தது. ஆறு நாள் மேலேயே கிடந்தார். கடைசியில் டுரன்ஸ் தலைமையில் ஏறுநர்கள் போய் அவரை இறக்கினார்கள். இங்கே நேரும் கடும் விபத்துகளிலும் இறங்கும்போது நடப்பவை கணிசம். 2024 செப்டம்பரில் உயிரிழந்த ஏறுநர் ராப்பல் செய்யும்போதுதான், அதாவது கயிற்றைப் பிடித்து இறங்கும்போதுதான் விழுந்தார்.

பதிவுப்படிவம் இருக்கும் இடத்திலேயே இறங்கும் தடங்களின் விவரத்தைக் கேட்டு, படத்தோடு கைபேசியில் எடுத்துக்கொள்ளுங்கள். மெடோஸிலிருந்து தொடங்கும் தடமே பலரும் பயன்படுத்துவது. அங்கிருந்து இரட்டைக் கயிற்றில் சில ராப்பல்களில் தரைக்கு வரலாம். உச்சியிலிருந்து மெடோஸுக்குத் தவழ்ந்து இறங்கும் பகுதியிலும், ஈரமாக இருந்தால், கயிறு போடுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதே ஒழுங்கு:

1. நங்கூரத்தின் (கயிறு மாட்டப் பாறையில் உள்ள பிடிமானம்) போல்ட், சங்கிலி, நாடாக்களைக் கையால் இழுத்தும் கண்ணால் பார்த்தும் சோதியுங்கள். வெளுத்துப்போன பழைய நாடாவை நம்பாதீர்கள், சொந்த நாடா ஒன்றைக் கட்டுங்கள்.
2. கயிற்றில் எடையை மாற்றுமுன் இருவரும் தனி நாடாவால் நங்கூரத்தில் பூட்டிக்கொள்ளுங்கள்.
3. ஒரு கயிற்றின் முனையை வளையத்தில் கோத்து, இரண்டையும் ஓவர்ஹேண்ட் முடிச்சால் இணையுங்கள். வால் குறைந்தது ஓரடி. முடிச்சின் ஒவ்வொரு இழையையும் தனித்தனியே இறுக்குங்கள்.
4. கீழ்முனைகள் இரண்டிலும் தடுப்பு முடிச்சு போடுங்கள். கயிறு தீர்ந்தது தெரியாமல் முனையைத் தாண்டிப் போய்விடுவதுதான் ராப்பலில் உயிர் போகும் முக்கியமான வழி.
5. காற்று அடித்தால் கயிற்றை வீசாதீர்கள், பக்கத்து விரிசலில் போய்ச் சிக்கும். மடித்து இடுப்பில் இருபக்கமும் தொங்கவிட்டு, இறங்க இறங்க விட்டுக்கொண்டே போங்கள்.
6. பிலே கருவிக்குக் கீழே புரூசிக் காப்பு. முதல் ஆள் இறங்கியதும் அடுத்த நங்கூரத்தில் பூட்டிக்கொண்டு, இழுக்கவேண்டிய கயிற்றை ஐந்தாறு அடி இழுத்துப் பார்க்க வேண்டும். அசைந்தால்தான் கடைசி ஆள் இறங்கலாம். அசையாவிட்டால் மேலே இருப்பவர் முடிச்சை விளிம்புக்கு வெளியே நகர்த்த வேண்டும்.
7. எந்த நிறத்தை இழுப்பது என்று இருவரும் உரக்கச் சொல்லிக்கொள்ளுங்கள். முனைகளின் தடுப்பு முடிச்சை அவிழ்த்த பிறகே இழுங்கள். இதை மறந்தால் முடிச்சு மேலே போய் வளையத்தில் இறுகிவிடும்.

இழுப்பது விட்டுவிட்டு இல்லாமல் ஒரே சீராக இருக்கட்டும். முனை வளையத்தைத் தாண்டும் நேரத்தில் சுவரிலிருந்து எவ்வளவு முடியுமோ அவ்வளவு விலகி நின்று இழுத்தால் கயிறு விரிசலைத் தாண்டி விழும்.

அப்படியும் மாட்டிக்கொண்டால், முதல் கேள்வி: இரண்டு முனையும் கையில் இருக்கிறதா? இருந்தால் இரண்டையும் சேர்த்துப் புரூசிக் போட்டு மேலே போய் விடுவிக்கலாம். ஒரு முனை மேலே போய்விட்டது என்றால் தொங்கும் கயிற்றை நம்பி ஏறக்கூடாது. அது எதில் சிக்கியிருக்கிறது, எவ்வளவு எடை தாங்கும் என்று கீழிருந்து சொல்ல முடியாது. கையிலுள்ள கயிறு போதுமானால், கருவி செருகிப் பாதுகாப்போடு ஏறி விடுவியுங்கள். போதாவிட்டால் வெட்டிவிட்டு மிச்சத்தில் இறங்குங்கள். அதற்கும் வழியில்லை என்றால் நங்கூரத்தில் பூட்டிக்கொண்டு, கீழே டவர் டிரெயிலில் நடப்பவர்களைக் கூப்பிட்டு பூங்காக் காவலரான ரேஞ்சருக்குச் சொல்லச் சொல்லுங்கள். பகலில் கூப்பிட்டால் காதில் விழும் தூரம்தான்.

தரைக்கு வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். பாறைக்குவியலைத் தாண்டும்வரை மேலே இன்னொரு குழுவின் காலடியில் நிற்கிறீர்கள். வாகனத்துக்குப் போகுமுன் பதிவிடத்தில் இறங்கியதைக் குறித்துவிடுங்கள். குறிக்காமல் போனால் மேலே யாரோ மாட்டிக்கொண்டதாக ரேஞ்சர்கள் தேடத் தொடங்குவார்கள்.